பெரிய பண்ணை வீட்டுக்கு எந்த விறகுக் கணப்பு?

ஒட்டாவாவுக்கு மேற்கே லனார்க், ரென்ஃப்ரூ பக்கம் போனால், நூறு நூற்றைம்பது வருடப் பழைய செங்கல் பண்ணை வீடுகளைச் சாலையோரமெங்கும் பார்க்கலாம். இரண்டு மாடி, உயரமான கூரை, எட்டுப் பத்து அறைகள், பின்னால் சில ஏக்கர் காடு. நகரத்து விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் அந்தப் பக்கம் வீடு வாங்கியவர்களில் எனக்குத் தெரிந்த சில தமிழ்க் குடும்பங்களும் உண்டு. முதல் பனிக்காலத்திலேயே எல்லோருக்கும் ஒரே தலைவலி. எரிவாயுக் குழாய் அந்தச் சாலைக்கு வருவதில்லை. புரொப்பேனுக்கோ எண்ணெய்க்கோ வரும் பில்லைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கொல்லையில் காடு நிற்கிறது. விறகுக்கு மாறினால் என்ன என்ற எண்ணம் தானாக வந்துவிடும்.

கடைக்காரர் முதலில் கேட்பது வீடு எத்தனை சதுர அடி என்பதுதான். மூவாயிரத்து ஐந்நூறு என்று சொன்னால், இருப்பதிலேயே பெரிய அடுப்பின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். பெரும்பாலான வீடுகளில் பிசகு இங்கேதான் தொடங்குகிறது.

விறகு கொழுந்துவிட்டு எரியும்போது மட்டுமே ஒழுங்காக எரியும். அடுப்பில் வைத்த கட்டையிலிருந்து முதலில் நீர் ஆவியாகிப் போகிறது. பிறகு மரம் சூட்டில் சிதைந்து வாயுக்களாக வெளிவருகிறது. விறகின் வெப்பத்தில் பாதிக்கு மேல் அந்த வாயுக்களில்தான் இருக்கிறது. அவை பற்றிக்கொள்ள ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் சூடும், போதிய காற்றும் வேண்டும். சூடு அதிகமாகிவிட்டதென்று காற்று வாயிலை மூடினால் அந்த வாயுக்கள் எரியாமலே புகையாகப் போகின்றன. போகிற வழியில் புகைபோக்கியின் குளிர்ந்த சுவரில் தாராகப் படிகின்றன. கிரியோசோட் என்று சொல்லப்படும் அந்தப் படிவு ஒருநாள் தீப்பிடித்தால் கூரையோடு வீடே போய்விடக்கூடும்.

வீட்டின் தேவையோ ஒரு நாள்போல் மறுநாள் இருப்பதில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒட்டாவா பகுதியில் வீட்டைச் சூடாக்கும் கருவிகளை மைனஸ் 25 பாகைக்குக் கணக்கிடுவது வழக்கம். அந்தக் குளிரில் நம் வீடு 20 கிலோவாட் வெப்பத்தை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்கூரையில் காப்புப் பஞ்சு போட்டு, சந்துகளை அடைத்த பழைய பெரிய வீட்டுக்கு இது நடக்கக்கூடிய எண். ஜனவரியின் சராசரி நாளில் தேவை 13 கிலோவாட் அளவுக்கு இறங்கிவிடும். அக்டோபரிலும் ஏப்ரலிலும் நான்கே போதும். 20 கிலோவாட் முழுவதும் தேவைப்படும் இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சில இரவுகளுக்காக வாங்கிய பெரிய அடுப்பு, மற்ற மாதங்களில் எல்லாம் காற்றை அடக்கி, புகைந்து புகைந்தே எரியும்.

ஆகவே விறகுக் கணப்பைத் தேர்வதென்றால், வேகமாக எரிய விரும்பும் நெருப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு கேட்கும் வீட்டையும் எப்படிப் பொருத்துவது என்று தேர்வதுதான். சந்தையில் உள்ள ஒவ்வொரு கருவியையும் இந்தக் கேள்வியோடு அணுகினால், விற்பனைத் தாள்களில் இல்லாத பலதும் தெரியவரும்.

அதற்கு முன், வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வெப்ப இழப்பை அளக்காமல் எதையும் வாங்கக் கூடாது. வாசலில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்திக் காற்றை உறிஞ்சி, வீடு எங்கெங்கே ஒழுகுகிறது என்று பார்க்கும் சோதனையைச் செய்துதரும் எனர்கைட் என்ற கனடிய வீட்டு ஆற்றல் மதிப்பீட்டுத் திட்டத்தின் மதிப்பீட்டாளர்கள் கிராமப்புறங்களுக்கும் வருகிறார்கள். அந்தச் சோதனை நடக்கும்போது மாடிப் படியடியில் நின்று, மின்சாரச் சொருகுத் துளையின் முன் கையை நீட்டினால், சுவருக்குள்ளிருந்து ஐஸ் காற்று விரலில் படும். அப்படி ஒழுகும் வீட்டுக்கு 20க்குப் பதில் 30 கிலோவாட் தேவைப்படலாம். அந்தப் பத்தைக் கருவியால் ஈடுகட்டுவதைவிடக் காப்புப் பஞ்சால் ஈடுகட்டுவது மலிவு. பஞ்சுக்கு விறகு வெட்டவும் வேண்டாம், அதன் சாம்பலை அள்ளவும் வேண்டாம்.

இனிக் கருவிகள். பலரும் முதலில் நினைப்பது வரவேற்பறை விறகு அடுப்பை. நல்ல அடுப்பு நல்ல பொருள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1988இல் விதித்து, 2015இல் இறுக்கிய வரம்புகளால் இன்றைய அடுப்புகள் அடியோடு மாறிவிட்டன. 2020 முதல் அங்கே விற்கும் அடுப்பு மணிக்கு 2 கிராமுக்கு மேல் நுண்துகள் விடக் கூடாது. வழக்கமான பிளந்த விறகில் சோதித்தால் 2.5 கிராம் வரை விடலாம். கனடாவில் கிடைக்கும் நல்ல அடுப்புகளும் இதே தரத்தவைதான். வினையூக்கித் தட்டு உள்ள வகைகளில், புகை 260 பாகை அளவிலேயே எரியத் தொடங்குவதால், குறைந்த சூட்டில் நீண்ட நேரம் சுத்தமாக எரிய முடியும். ஆனால் ஓரிடத்து நெருப்பு பத்து அறைகளுக்குப் போகாது. அடுப்பறையில் 27 பாகை, வடக்கு மூலைப் படுக்கையறையில் 14 என்பது பழைய வீடுகளில் சர்வசாதாரணம். குடும்பம் பகலெல்லாம் புழங்கும் இடத்துக்கு அடுப்பு, மற்ற அறைகளுக்கு வேறொன்று என்று பிரித்துக்கொண்டால் இது குறையாகத் தெரியாது.

நிலவறையில் வைத்துக் காற்றுக் குழாய்கள் வழியே சூட்டை அனுப்பும் விறகு ஃபர்னஸ் அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். குழாய்கள் ஏற்கெனவே இருந்தால் செலவு குறைவு. வீடு போதும் என்றதும் காற்றை அடக்கிவிடுவதால், மேலே சொன்ன நோய் இதற்கு முழுமையாக உண்டு. காப்பில்லாத கருங்கல் அத்திவாரச் சுவர் வழியே சூட்டில் ஒரு பங்கு மண்ணுக்கும் போய்விடும்.

அடுத்தது வீட்டுக்கு வெளியே கொட்டகை போல நிற்கும் வெளிக் கொதிகலன். விறகும் சாம்பலும் வீட்டுக்குள் வருவதில்லை, தீ அபாயம் தள்ளியே இருக்கிறது, மீட்டர் நீளக் கட்டையை அப்படியே தள்ளலாம். பண்ணைக்காரர்கள் விரும்புவதில் வியப்பில்லை. ஆயினும் பழைய மாதிரிகளை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். அவற்றில் நெருப்பைச் சுற்றி நாற்புறமும் தண்ணீர். அந்தத் தண்ணீர் 90 பாகையைத் தாண்டாது. ஆகவே நெருப்பறைச் சுவரும் தாண்டாது. புகை முழுதாக எரியத் தேவையான சூடு அங்கே நீடிப்பதில்லை. தண்ணீர் சூடானதும் காற்றடைப்பு மூடிக்கொள்ளும், நெருப்பு மணிக்கணக்கில் குமுறும், குட்டைப் புகைபோக்கியிலிருந்து நீலப் புகை தரையோடு தவழ்ந்து அயல்வீட்டுச் சன்னலுக்குப் போகும். அதைச் சுவாசிப்பவர் நமக்கு நல்ல அயலவராக நீடிக்கமாட்டார், நீடிக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. இன்னொரு கசிவு மண்ணுக்கடியில் இருக்கிறது. கொதிகலனிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய்க்குச் சரியான காப்பு இல்லாவிட்டால், ஜனவரியில் எங்கும் முழங்கால் ஆழப் பனி கிடக்க, அந்தக் குழாய் போகும் தடத்தில் மட்டும் நேர்கோடாகப் புல் தெரியும். ஒரு பண்ணை வீட்டை விலைக்குப் பார்க்கப் போகிறவர்கள் முற்றத்தில் அந்தக் கோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இதற்கு நேர்மாறான வழி, நெருப்பை அடக்காமல் எரியவிட்டுச் சூட்டைச் சேமிப்பது. ஐரோப்பியர்கள் இதை நெடுங்காலம் முன்பே கண்டுகொண்டார்கள். காடுகள் அருகி விறகு தட்டுப்பட்ட ஸ்வீடனில், 1767இல் கிரோன்ஸ்டெட், வ்ரேடே என்ற இருவர் புகை பல மடிப்புகளாக ஏறி இறங்கும்படி ஓட்டு அடுப்பை வடிவமைத்தார்கள். ஃபின்லாந்தில் இன்றும் மாக்கல்லால் கட்டும் கணப்புகள் அதே வழியில் வந்தவை. ஒன்றிரண்டு மணி நேரம் முழு வேகத்தில் எரிந்த நெருப்பின் சூட்டைச் சில தொன் எடையுள்ள கல் வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் வரை மெல்ல விடும். புகைபோக்கியில் படிவே அரிது. கல் மேல் கை வைத்தால் இரும்பு அடுப்பைப் போலச் சுடாது, ஆனால் அதன் அருகே உட்கார்ந்தவர் எழுந்திருக்க மனம் வராது. முறைக்கு 20 கிலோ வீதம் நாளுக்கு இரண்டு முறை எரித்தால், சராசரியாக ஐந்து கிலோவாட் கிடைக்கும். நம் கணக்கில் அது அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் போதும், ஜனவரிக்குப் போதாது. அத்திவாரத்தையும் தனியே போட வேண்டும். புதிதாகக் கட்டும் திறந்த அமைப்பு வீட்டுக்கு இதைவிட அழகான தேர்வு இல்லை என்பேன். அறை அறையாகப் பிரிந்த பழைய வீட்டுக்கு, மையச் சுவர் வாய்ப்பாக அமைந்தால் மட்டும்.

கல்லுக்குப் பதில் தண்ணீரில் சேமிப்பதுதான் வாயுவாக்கக் கொதிகலன். இந்தத் துறையில் முன்னே நிற்கும் நாடு ஆஸ்திரியா. மேல் ஆஸ்திரிய மாநிலத்தின் சிறு ஊர்களில் இருக்கும் ஃபுரோலிங், ஈட்டா, ஹார்காஸ்னர் போன்ற நிறுவனங்களின் கொதிகலன்கள் உலகெங்கும் போகின்றன. இதில் விசிறி, புகையைக் கீழ்நோக்கி ஒரு பீங்கான் துளை வழியே இழுக்கும். அந்தத் துளையில் வாயு தனியாக, மிகுந்த சூட்டில் எரிந்துவிடும். பார்வைத் துவாரத்தில் விறகுத் தீயின் மஞ்சளைவிட வெளிர்நீலச் சுவாலைதான் அதிகம் தெரியும். புகைபோக்கியிலிருந்து வருவது பெரும்பாலும் நீராவிதான்.

இந்தக் கொதிகலனின் உயிர் அதன் பக்கத்தில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது. 2000 லீற்றர் தண்ணீரை 50 பாகையிலிருந்து 90க்கு ஏற்றினால் 93 யூனிட் வெப்பம் அதில் தங்கும். மின்சார பில்லில் வரும் அதே யூனிட்தான். அக்டோபரில் நாளைக்கு ஒரு முறை எரித்தால் போதும், மறுநாள் வரை தொட்டி தாங்கும். ஜனவரியில் ஏழு மணி நேரம்தான் வரும், ஆகவே எரியும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் நாளுக்கு இரண்டு மூன்று முறை எரிக்க வேண்டும். ஜெர்மானிய மானிய விதிகள் விறகுக் கொதிகலனுக்குக் கிலோவாட்டுக்கு 55 லீற்றர் தொட்டி கேட்டதற்குக் காரணம் இதுதான். செலவைக் குறைக்கத் தொட்டியை விட்டுவிடலாம் என்று சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். தொட்டி இல்லாத வாயுவாக்கி, விலை உயர்ந்த புகையடுப்புதான். திரும்பி வரும் தண்ணீர் 60 பாகைக்குக் கீழே போனால் கொதிகலனுக்குள் நீர் வியர்த்து இரும்பு அரிக்கும், ஆகவே அதைத் தடுக்கும் கலவை வால்வும் கட்டாயம். பழைய வீட்டில் வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள் இருந்தால் அது பெரிய அதிர்ஷ்டம். அவற்றின் பரப்பு அதிகம் என்பதால் 50 பாகைத் தண்ணீரிலேயே பல நாட்கள் வீடு சூடாகும், தொட்டியின் அடி வரை பயன்படும். அவற்றைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம்.

மரத்தூளை அழுத்திச் செய்த சிறு வில்லைகளை (பெல்லட்) எரிக்கும் கருவிகள் சூட்டைச் சேமிப்பதில்லை, தேவைக்கேற்பச் சிறுகச் சிறுகத் தீனி போடுகின்றன. ஆகவே சுத்தம், வசதி. ஆனால் நம் வீட்டுக்கு வருடத்துக்குப் பத்துத் தொன் வேண்டும். 18 கிலோ பையாக வாங்கினால் ஐந்நூற்றைம்பது பை. மொத்தமாக இறக்கும் லொறி உங்கள் சாலைக்கு வருமா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதில் இறங்கக் கூடாது. சேமிப்பறையை மூடியே வைத்திருந்தால் வில்லைகளிலிருந்து கார்பன் மொனொக்சைட் கிளம்பும் என்பதையும் மறக்க வேண்டாம். அதனால் ஐரோப்பாவில் உயிர்கள் போயிருக்கின்றன.

கருவி எதுவானாலும் புகைபோக்கி சரியில்லையென்றால் எல்லாம் வீண். சூடான காற்று மேலே போகும். உயரமான பழைய வீட்டில் மாடிச் சந்துகள் வழியே அது வெளியேற, நிலவறை வெளிக்காற்றை உறிஞ்சும். பெரிய வீடே ஒரு புகைபோக்கியாக நடந்துகொள்ளும். வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி, குளிர்ந்துபோய் நிற்கும் புகைபோக்கியால் அந்த இழுப்போடு போட்டியிட முடியாது. நிலவறை அடுப்பில் தீ அணையும் தருவாயில், புகை திரும்பி அறைக்குள் வரும். பெரும்பாலும் எல்லோரும் தூங்கும் நேரத்தில். ஆகவே புகைபோக்கி வீட்டின் நடுவில், சூடான பகுதிக்குள்ளேயே ஏறட்டும். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து மூன்றடி உயரமும், பத்தடிக்குள் இருக்கும் எதையும்விட இரண்டடி உயரமும் வேண்டும் என்பது விதி. பழைய செங்கல் புகைபோக்கியின் அகன்ற துளையில் புகை குளிர்ந்துவிடும், உள்ளே ஆறங்குலத் துருப்பிடிக்கா எஃகுக் குழாய் இறக்கினால் இழுப்பு சீராகும். படுக்கையறைகளின் அருகே கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்ராறியோவில் சட்டப்படியே கட்டாயம்.

விறகின் அளவு பற்றி யாரும் நேராகச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். நம் வீட்டுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 40,000 யூனிட் வெப்பம் வேண்டும். நன்றாகக் காய்ந்த சர்க்கரை மேப்பிள் ஒரு கோர்டில் 7,000 யூனிட் இருக்கிறது. 75 சதவீதத் திறனில் எரித்தால் ஏறக்குறைய எட்டுக் கோர்டு; 45 சதவீதத்தில் எரியும் பழைய கொதிகலனில் பதின்மூன்று. கோர்டு என்பது நான்கடி அகலம், நான்கடி உயரம், எட்டடி நீளம். எட்டுக் கோர்டின் எடை பதின்மூன்று தொன்னைத் தாண்டும். காட்டிலிருந்து அடுப்பு வரை அதைக் குறைந்தது நான்கு முறை கையில் எடுப்போம். விளம்பரங்களில் மலிவாகத் தெரியும் ‘ஃபேஸ் கோர்டு’ பெரும்பாலும் இதில் மூன்றில் ஒரு பங்குதான். வாங்கும்போது நாடாவால் அளந்து பார்க்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஈரத்தைக் கவனிக்காமல் விடவே முடியாது. பச்சை விறகின் எடையில் பாதிக்குக் கிட்ட நீர்தான். ஒரு முறை 20 கிலோ வைத்தால் ஒன்பது லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து வானுக்கு அனுப்புகிறோம். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர, பிளந்த மேப்பிளுக்கு ஒரு முழுக் கோடை வேண்டும், ஓக் மரத்துக்கு இரண்டு. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று விழும். ஓசையை மட்டும் நம்பாமல், ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, அந்த உள்முகத்தில் ஈரமானியைக் குத்திப் பார்க்க வேண்டும். வெளிப்புறத்தில் குத்தினால் எல்லா விறகும் காய்ந்ததாகத்தான் காட்டும். அடுக்கைத் தரையிலிருந்து உயர்த்தி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விட வேண்டும். இப்போது ஆஷ் மர விறகு தாராளமாகக் கிடைப்பது ஒரு துயரத்தின் விளைவு. 2002இல் வின்ட்சரில் கண்டறியப்பட்ட மரகத நிற வண்டு, 2008இல் ஒட்டாவாவை எட்டி, ஆஷ் மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுவிட்டது. அந்த விறகு நன்றாகவே எரியும், ஆனால் தொலைவிலிருந்து ஏற்றி வந்தால் வண்டும் கூடவே வரும். விறகை வெட்டிய ஊரிலேயே எரிக்க வேண்டும்.

மின்சாரம் போனால்? 1998 ஜனவரியின் பனிமழைப் பேரிடரை அந்தப் பகுதி மக்கள் இன்னும் பேசுகிறார்கள். கிழக்கு ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் நாட்கணக்காகப் பெய்த உறைமழை, மின்கோபுரங்களை மடக்கிப்போட்டு, இலட்சக்கணக்கான வீடுகளை இருளில் தள்ளியது. சில கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. வாயுவாக்கக் கொதிகலனுக்கு விசிறியும் பம்பும் வேண்டும். எரிந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், சூட்டைத் தானாக வெளியேற்றும் பாதுகாப்புச் சுற்று இல்லாவிட்டால் தண்ணீர் கொதித்துவிடும். நகரத்தில் கடும் விதி வைத்திருக்கும் மொன்றியல்கூட இதை உணர்ந்திருக்கிறது. 2018 அக்டோபர் முதல் மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் துகள் விடும் அடுப்புகளைத் தடைசெய்த அந்த நகரம், மூன்று மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் நின்றால் மட்டும் அவற்றைப் பற்றவைக்க விடுகிறது.

ஆகவே என் தீர்ப்பு வீட்டின் உள்ளமைப்பைப் பொறுத்தது. ரேடியேட்டர் உள்ள வீடு, சொந்தக் காடு, தினமும் விறகு தூக்கத் தெம்புள்ள ஒருவர், இந்த மூன்றும் சேர்ந்தால் தனிக் கொட்டகையில் வாயுவாக்கக் கொதிகலனும் தொட்டியும், சமையலறையில் மின்சாரம் வேண்டாத ஒரு சிறு அடுப்பும். காற்றுக் குழாய் உள்ள வீடென்றால், வெளிக்காற்றின் சூட்டை மின்சாரத்தால் உறிஞ்சி வீட்டுக்குள் தரும், மைனஸ் 25 வரை வேலை செய்யும் குளிர்ப்பிரதேச வெப்பப் பம்பு ஆண்டின் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு வினையூக்கி அடுப்பு நடுவீட்டில் இருந்து கடுங்குளிரையும் மின்தடையையும் பார்த்துக்கொள்ளும். அப்போது எட்டுக் கோர்டு மூன்றாகச் சுருங்கும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டாவதையே சொல்வேன், ரேடியேட்டர் இருந்தாலும்.

எதை முடிவு செய்தாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. விறகை முதன்மைக் கணப்பாக வைத்தால் சில நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றும், சில ஏற்கவே மாட்டா. பல நிறுவனங்கள் வெட் (WETT) எனும் கனடிய விறகுக் கணப்புப் பயிற்சி அமைப்பின் சான்றிதழ் பெற்ற பரிசோதகரின் அறிக்கையைக் கேட்கும். அவர் சுவருக்கும் அடுப்புக்கும் உள்ள இடைவெளியை அளப்பார். தரச்சான்று இல்லாத பழைய அடுப்பென்றால் எரியக்கூடிய எதிலிருந்தும் 48 அங்குலம் தள்ளியிருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த இடம் கிடைக்காது. பண்ணை வீட்டோடு சேர்த்து இனாமாகக் கிடைத்த பழைய அடுப்பை நம்பிப் பனிக்காலத்துக்குள் போகக் கூடாது என்பதற்கு அந்த ஒரு அளவே போதும்.